ஐப்பசியில் ஒத்திகை, ஆடியில் அரங்கேற்றம்

1999-ல் வங்காள விரிகுடாவில் நடந்த பருவமழை ஆய்வை 'பாப்மெக்ஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதைப் பற்றிய கட்டுரைகளை இந்த வாரம் வாசித்தேன். 'சாகர் கன்யா' கப்பல் வடக்கே நின்றது. 'சாகர்த்வனி' தெற்கே, ஏறக்குறைய சென்னைக்கு நேர் கிழக்கே. 15 நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 80 விஞ்ஞானிகள். கொந்தளிக்கிற கடலில் ஒரே இடத்தில் நின்று பலூன் விட்டார்கள், உப்பும் வெப்பமும் அளந்தார்கள். பெருமழை கொட்டித் தீர்த்த பிறகு, அடுத்த மழைக்கான ஆற்றலை வளிமண்டலம் ஒன்றிரண்டு நாளில் திரும்பச் சேர்த்துவிடுகிறது என்று கண்டார்கள். கரையில் உட்கார்ந்து இதைச் சொல்லவே முடியாது. வேலையின் தரத்தில் எனக்குக் குறை இல்லை.

குறை, காலத்தைத் தேர்ந்தெடுத்ததில். பிரதான ஆய்வு நடந்தது ஜூலை, ஆகஸ்டில். அதற்கு முன்னோட்டமாக சாகர் கன்யா போனது 1998 அக்டோபர், நவம்பரில். அதாவது நம்ம ஐப்பசி ஒத்திகைக்கு! 2016-ல் பிரிட்டனோடு சேர்ந்து 'சிந்து சாதனா' கப்பலில் செய்த 'பாபுள்' ஆய்வும் ஜூன், ஜூலையில்தான். நடுவில் குளிர்காலப் பயணங்களும் சில உண்டு, இல்லைன்னு சொல்லலை.

நாட்டுக்கே சோறு போடுறது தென்மேற்குப் பருவமழை, முன்னுரிமை அதுக்குத்தானே என்பீர்கள். நியாயம்தான். ஆனா எங்க திண்டிவனம் பக்கம் ஏரி ரொம்புறது ஐப்பசி, கார்த்திகையில். 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை.

கடலுக்குள்ளேயும் காரணம் இருக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய நன்னீர், மழைக்காலம் முடிந்ததும் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி, நம்ம கரையை ஒட்டித்தான் போகுது. உப்பு குறைந்த தண்ணீர் லேசானது. கீழே இருக்கிற கனமான நீரோடு சட்டென்று கலக்காது. புயல் கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வராது. புயலுக்குத் தீனியும் குறையாது. ஃபெஞ்சலுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. அந்த நன்னீர் அடுக்கு எவ்வளவு தடிமன் என்று தெரிய, கடலுக்குள் கருவி இறக்கியாகணும். செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தோலை மட்டும். ஆர்கோ மிதவைகள் ஆழ்கடலுக்கு. கரையோரத்து ஆழமில்லாத நீரில் அவற்றுக்கு வேலை குறைவு.

புயல் மாதத்தில் கப்பலை அனுப்புவது ஆபத்து என்ற பதில் வரும். ஆடிக் கடல் மட்டும் சாதுவா? அந்த 80 பேர் போனது உச்சப் பருவமழையில்தானே. புதுச்சேரிக்கு நேர் கிழக்கே ஒரு கப்பல், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை, புயல் வந்தால் ஒதுங்கித் திரும்பவும் வந்து நிற்கிற மாதிரி. கேட்பது அவ்வளவுதான்.