கிடைக்காத பர்ஸ்

இன்ஜினியரிங் முதல் வருடம், பிசிக்ஸ் லேப். இரண்டு கத்திமுனைகளின் மேல் ஒரு மரப்பட்டை. நடுவில் எடைத்தாங்கி, அதற்கு மேலே ஒரு குண்டூசி. ஐம்பது ஐம்பது கிராமாக எடையை ஏற்றி, ஊசிமுனை எவ்வளவு இறங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு எடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி குறிக்க வேண்டும். அதிலிருந்து மரத்தின் யங் குணகத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு ஏற்றும்போது வந்த ரீடிங் ஒன்று, இறக்கும்போது வந்தது வேறொன்று. பட்டை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

“சார், திரும்பி வரல சார்.”

“சீனியர் ரெக்கார்டுல என்ன இருக்கோ அதப் பாத்து எழுதுப்பா, டைம் ஆச்சு.”

வர வேண்டிய விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். நம்பும்படி இருக்கட்டுமே என்று கடைசி இலக்கத்தை அங்கங்கே லேசாகக் கலைத்தேன். பத்துக்குப் பத்து.

கிஜுபாய் பதேகாவின் ‘திவாஸ்வப்னா’வை வாசிக்கும்போது இந்த லேப்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. கிஜுபாய் வக்கீலாக இருந்தவர். 1920-ல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கினார். 1930-களில் குஜராத்தியில் வெளிவந்த இந்தப் புத்தகத்தின் தலைப்புக்குப் பகற்கனவு என்று பொருள். லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, நாலாம் வகுப்பை ஒரு வருடம் தன் விருப்பப்படி நடத்துகிறார். கதை, விளையாட்டு, வகுப்பு நூலகம் என்று போகிறது அந்த வருடம். செயல்வழிக் கல்வி பற்றிப் பேச வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கையில் தூக்கிக் காட்டுவார்கள். பிள்ளைகள் எப்படிச் செய்து பார்த்துக் கற்றார்கள் பாருங்கள் என்பார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் புத்தகத்தில் பட்டுக் கற்கிறவர் முதலில் வாத்தியார்தான்.

முதல் நாளைப் பாருங்கள். ராத்திரி உட்கார்ந்து திட்டம் போட்டு வருகிறார் மனுஷன். மாண்டிசோரி வகுப்புகளில் நடக்கிற மௌன விளையாட்டு. கதவு ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் அமைதியாக இருங்கள் என்கிறார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அந்த அமைதி கிழிந்து தொங்குகிறது. வேறு வழியில்லாமல் லீவு விட்டு வீட்டுக்கு அனுப்புகிறார். அடுத்த நாள் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ராஜா ராணிக் கதை ஒன்றை ஆரம்பிக்கிறார். அதே பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகத்தில் படித்தது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கிற நாலாங்கிளாஸ் வேறு என்று ஒரே நாளில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தச் சில பக்கங்களுக்காகவே நூலை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

சிக்கல் அதற்கப்புறம். பிறகு வருகிற எதிர்ப்பெல்லாம் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியிலிருந்துதான் வருகிறது: சக ஆசிரியர்களின் கிண்டல், பெற்றோரின் சந்தேகம், அதிகாரியின் பொறுமையின்மை. வகுப்புக்குள் அவர் நினைப்பது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. வருடக் கடைசியில் பாராட்டு. கதையே பிடிக்காத ஒரு பையன், விளையாட்டுக்கு வரமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்த ஒருத்தன் கண்ணில் படுவானா என்று தேடிக்கொண்டே படித்தேன். கிஜுபாயைக் குறை சொல்ல மனம் வரவில்லைதான். பரிசோதனை நடத்த அதிகாரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தால், முடிவும் அதிகாரிக்குப் பிடித்த மாதிரி வந்தாக வேண்டும். தலைப்பிலேயே இது கனவு என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆனாலும் அந்தப் பின்பகுதி எனக்கு ரெக்கார்டு நோட்டு போலத்தான் இருக்கிறது. ரீடிங் எல்லாம் ரொம்பச் சரி.

டெட்சுகோ குரோயானாகியின் ‘டோட்டோ-சான்’ (1981) இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ரயில்பெட்டி வகுப்பறைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுங்கள். கக்கூஸ் குழிக்குள் டோட்டோவின் பர்ஸ் விழுந்துவிடுகிற அத்தியாயம் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். நீளக் கைப்பிடி போட்ட அகப்பை ஒன்றை எடுத்து வந்து மொத்தத்தையும் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர் கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வந்து, கிடைத்ததா என்கிறார். இல்லை. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். திட்டவும் இல்லை, உதவிக்கு ஆளைக் கூப்பிடவும் இல்லை. பர்ஸ் கடைசிவரை கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, தேட வேண்டிய அளவுக்குத் தேடிவிட்டோம் என்ற திருப்தியோடு போகிறாள்.

பர்ஸ் கிடைத்திருந்தால் இது நீதிபோதனைக் கதை ஆகியிருக்கும். விடாமுயற்சி, இன்ன பிற. கிடைக்காததால்தான் நம்புகிறேன். பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்தது ஒரு மத்தியானமும் ஓர் அகப்பையும்தான். பலன் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் லேபில் எல்லாம் இருந்தது. பட்டை, எடை, மைக்ராஸ்கோப், நேரடி அனுபவம், எல்லாம். தப்பாக வருவதற்கு மட்டும் இடமில்லை. இதன் விலை எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முதல் சில மாதங்கள் எரர் வந்தால் உடனே திரையை மறைக்கத் தோன்றும். யாராவது பார்ப்பதற்குள் எங்கிருந்தாவது ஓடுகிற கோடு ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவேன். அந்தச் சிவப்பு வரிகள் எனக்கு ஏதோ சொல்ல வருகின்றன, உட்கார்ந்து படிக்கலாம் என்பதே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பட்டை அன்றைக்கு ஏன் திரும்பவில்லை? மரமே அப்படியா, ஊசி சாய்ந்துவிட்டதா, நான் வெர்னியரைத் தப்பாகப் படித்தேனா? இன்றைக்கும் தெரியாது. ரெக்கார்டு நோட்டு ஊரில் பரணில் கிடக்கிறது. அதில் பட்டை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.