‘தெரிஞ்சவன் தேடிக்குவான்’: இயல்பிருப்பின் அரசியல்

கணினியைத் திறந்தவுடன், நாம் எதையும் தொடுவதற்கு முன்பே, அது ஒரு நிலையில் இருக்கிறது. டிஃபால்ட் என்று சொல்லப்படும் இந்த நிலைக்குத் தமிழில் ‘முன்னிருப்பு’ என்று ஒரு சொல் உண்டு. ‘இயல்பிருப்பு’ என்று இன்னொன்றும் உண்டு. இரண்டாவது சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். யாரோ சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவை அது ‘இயல்பு’ ஆக்கிவிடுகிறது. வரலாறாக இருப்பதை இயற்கையாகக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று 1957இல் ‘மித்தாலஜீஸ்’ நூலில் ரொலான் பார்த் விளக்கினார். சோப்புத்தூள் விளம்பரத்தில் அவர் கண்டதை நாம் இந்தச் சொல்லிலேயே காண முடியும்.

இதில் என்ன பெரிய அரசியல் என்று கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? கூகிள் நிறுவனத்தைக் கேட்டால் தெரியும். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக அது 2021இல் மட்டும் 2630 கோடி டாலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் 2023இல் நடந்த விசாரணையில் இது வெளியே வந்தது. தேடல் சந்தையில் அது சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பும் ஆனது. மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் எல்லோருக்கும் இருந்தது. பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள் என்பதற்குத்தான் இவ்வளவு விலை.

மூலதனத்துக்குத் தெரிந்திருக்கிற இந்த உண்மை மாற்றுத் தரப்புக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

பழைய கணினிகளுக்கென்று உருவான எளிய லினக்ஸ் விநியோகங்கள் பல உண்டு. ஆன்டிஎக்ஸ் அவற்றில் ஒன்று. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 512 எம்பி நினைவகம் உள்ள கணினிக்கும் இடம் தருவது. வெளிப்படையாகவே பாசிச எதிர்ப்பைப் பேசுவது. ஹோண்டுராஸில் 2016இல் கொல்லப்பட்ட பெர்த்தா காசெரெஸ், அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் 2017இல் கொல்லப்பட்ட ஹெதர் ஹேயர், ரியோவில் 2018இல் கொல்லப்பட்ட மரியெல் ஃபிராங்கோ ஆகியோரின் பெயர்களைத் தன் பதிப்புகளுக்குச் சூட்டியது. பெயர்கள் நம்மவை. ஆனால் உள்ளே நுழைகிறவர் முன்னால் ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம், ஹெர்ப்ஸ்ட்லுஃப்ட்டபிள்யூஎம் என்று நான்கு சாளர மேலாளர்கள். கோப்பு மேலாளரும் ஒன்றுக்கு மேல். தெரிந்தவருக்கு இது விருந்துதான். தெரியாதவருக்கு? பந்தியில் உட்கார்ந்தாச்சு, எதை எதோடு பிசைந்து சாப்பிடுவது என்று தெரியாத நிலை.

இப்போது யார் வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய செயலி வேண்டும். நல்லா ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் ‘பழசு’ ஆயின. புதுசு வாங்கக் காசு இல்லாதவர்தான் எளிய லினக்ஸின் வாசலில் வந்து நிற்கிறார். அவர் தத்துவ ஆர்வத்தால் வந்தவர் அல்ல. வேறு வழியில்லாமல் வந்தவர்.

அவருக்கு என்ன நடக்கிறது? ஒரே ஒரு உதாரணம். மடிக்கணினியின் தொடுதளத்தை விரலால் தட்டினால் சொடுக்கு விழ வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். லினக்ஸில் சுட்டி, தொடுதளம் போன்றவற்றைக் கையாளும் லிப்இன்புட் என்ற நிரல்தொகுதி, பெரும்பாலான கருவிகளில் இந்த வசதியை அணைத்தே வைத்திருக்கிறது. அதற்கான காரணத்தை அதன் ஆவணமே சொல்கிறது: தட்டுவது பற்றித் தெரியாதவருக்குத் தானாகச் சொடுக்கு விழுந்தால் கணினி பழுது என்று தோன்றும், தெரிந்து வேண்டும் என்பவருக்கு அதை எங்கே போடுவது என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் தேடியாவது பார்ப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பொறுப்போடு யோசித்த முடிவுதான். ஆனால் இரண்டாவது வாதத்தைப் பச்சையாகச் சொன்னால் என்ன? ‘தெரிஞ்சவன் தேடிக்குவான்.’

தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் தெரியாததை எப்படித் தேடுவது? அனுபவசாலிக்குப் பிடிக்காத அமைப்பை அணைக்க ஒரு நிமிஷம் போதும். புதியவருக்கு அதே அமைப்பைப் போட ஒரு நாள் போகலாம், போகாமலே அவர் கணினியை மூடி வைத்துவிடலாம். சுமையை யார் தாங்க முடியுமோ அவர் தலையில் வைப்பதுதான் நியாயம். ‘நாங்கள் எதையும் திணிப்பதில்லை, நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்’ என்பது நடுநிலை அல்ல. அதுவும் ஒரு இயல்பிருப்பு. தெரிந்தவருக்குச் சாதகமான இயல்பிருப்பு. க்னோம் தன் 46ஆம் பதிப்பில், 2024இல், தட்டினால் சொடுக்கு விழுவதையே முதல்நிலை ஆக்கியது.

‘இலகுவாக இருக்க வேண்டுமென்றால் இப்படித்தான்’ என்று ஒரு பதில் வரும். இது செல்லாது. ஒரு அமைப்பில் 0 இருந்த இடத்தில் 1 போட்டால் நினைவகம் கூடப்போவதில்லை. தமிழ்நெட்99 விசைப்பலகை எக்ஸ் விசைப்பலகைத் தொகுப்பிலேயே இருக்கிறது. புதிதாகச் சுமக்க எதுவும் இல்லை. கண்ணில் படும் இடத்தில் அதை வைப்பதுதான் பாக்கி.

இன்னொரு எதிர்வாதம் உண்மையிலேயே கனமானது. ‘எளிமை’ என்பது யாருடைய எளிமை? விண்டோஸ் பழக்கிய கையைத்தானே ‘பயனர்’ என்கிறோம்? பழக்கத்தின் மேலாதிக்கத்துக்கு நாமே பாய் விரிக்கிறோமா? ஆம், இந்த ஆபத்து இருக்கிறது. கேடிஇ பல காலமாக ஒரே சொடுக்கில் கோப்பைத் திறந்து வந்தது. 2024இல் வந்த பிளாஸ்மா 6இல் இரட்டைச் சொடுக்குக்கு மாறியது. வெளியிலிருந்து வருகிறவரின் பழக்கத்துக்குக் கொடுத்த இடம்தான் அது. ஆனால் பழைய முறைக்கான தேர்வை எடுத்துவிடவில்லை. வாசல் பழக்கப்பட்டதாக இருக்கலாம், வீடு வேறாக இருக்க வேண்டும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு நம் வீட்டின் வேறுபாட்டால் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஒரு வேலைக்கு ஒரு செயலி முன்னால் இருக்கட்டும், மற்றவை பின்னால் இருக்கட்டும். பட்டியலில் செயலியின் பெயருக்குப் பக்கத்தில் அதன் வேலையும் எழுதப்படட்டும். மொழி, விசைப்பலகை, தொடுதளம், இணைப்பு ஆகியவற்றை முதல் திரையே கேட்கட்டும். முக்கியமாக, ‘இது நாங்கள் எடுத்த முடிவு, இங்கே மாற்றலாம்’ என்று அது சொல்லட்டும். அப்போதுதான் இயல்பு என்ற வேடம் கலையும்.

இதைச் சிறுபத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அமைப்பியல் தொடங்கி எத்தனையோ கலைச்சொற்களை விளக்காமலே இறக்கியவர்கள் நாம். புரியவில்லை என்றவரிடம் ‘படிச்சுட்டு வாங்க’ என்றோம். வந்தவர்கள் சிலர். திரும்பிப் போனவர்களை நாம் எண்ணியதே இல்லை.