ஆணியும் நீர்வீழ்ச்சியும்

"சேர், சத்தம் கேட்டா வந்து கொல்லுதெண்டா, அவங்க என்னத்துக்கு அந்த நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போய் இரிக்கல்ல?"

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டது. ஜோன் கிரசின்ஸ்கி இயக்கிய 'எ குவைட் ப்ளேஸ்' (2018) படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்வையற்ற, செவியால் வேட்டையாடும் பிராணிகளுக்குத் தப்பிய ஒரு குடும்பம், பாதையில் மணல் கொட்டி, வெறுங்காலால் நடந்து, சைகையால் பேசி வாழ்கிறது. நீர்வீழ்ச்சியின் இரைச்சலுக்குள் மற்றச் சத்தம் கேட்காது என்று தகப்பன் மகனுக்குக் காட்டுகிறான். இருவரும் வாய்விட்டுக் கத்துகிறார்கள். அப்படியென்றால் அங்கேயே குடியிருந்திருக்கலாமே?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இவ்வகைத் திகில் படங்களைப் பற்றிப் பேசுவதென்றாலே ஓட்டைகளை எண்ணுவது என்றாகிவிட்டது. எண்ணி முடித்தால் விமர்சனமும் முடிந்துவிட்டதாக நினைப்பு. நமது நூல் வெளியீடுகளில் எழுத்துப்பிழைப் பட்டியலை வாசித்துவிட்டு அமர்பவர்களும் இந்த வகைதான்.

இதே வகுப்பில் சீறாப்புராணமும் படித்தோம். உமறுப் புலவரின் அரபு நாட்டில் ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலைவனத்தில் ஏது வயல் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாட்டை மருத வளத்தோடு பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. அதற்கு உடன்பட்டுத்தான் நூலைத் திறக்கிறோம். அவநம்பிக்கையை மனமொப்பி ஒத்திவைத்தல் பற்றி 1817இல் எழுதிய கோல்ரிட்ஜ், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். கற்பனை நிழல்களுக்கு மனித இயல்பின் உண்மைச் சாயல் வேண்டும் என்பது அது. தொடரை எடுத்தாள்பவர்கள் பலர் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

அந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. சத்தமே எமனான உலகில் பிள்ளை பெற நினைப்பது மடத்தனம் என்று பலர் சிரித்தார்கள். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு விளையாட்டு விண்கலத்தின் சத்தத்தால் அந்தத் தாய் கடைசி மகனைப் பறிகொடுக்கிறாள். அவள் மீண்டும் சுமப்பது எனக்கு ஓட்டையாகப் படவில்லை. ஆணிதான் ஓட்டை. கிறீச்சிடாத பலகைகளுக்கு அடையாளமிட்டு, அதில் மட்டும் கால் வைக்கும் வீடு அது. அந்த வீட்டுப் படிக்கட்டில் உடுப்பு மூட்டை ஆணியில் சிக்குகிறது. அவள் இழுக்கிறாள். ஆணி நிமிர்ந்து நிற்கிறது. திரும்பிப் பாராமலே ஏறிப் போகிறாள். பிறகு பிரசவ வேதனையில் அதன்மேலேயே கால் வைக்கிறாள். அவ்வளவு நேரமும் படம் நமக்குக் காட்டிய அந்தக் கவனமான பெண் எங்கே போனாள்?

கொரியப் படமான 'ட்ரெயின் டு பூசான்' (2016) இந்த இடத்தில் வெகு உறுதி. இருட்டில் ஸொம்பிகள் ஏன் தடுமாறுகின்றன, கதவைத் திறக்க ஏன் தெரியவில்லை என்று யாரும் விளக்குவதில்லை, நமக்கும் தேவைப்படவில்லை. போராடி வந்து சேர்ந்தவர்களை, தொற்றியிருக்கும் என்ற பயத்தில் உள்ளே இருப்பவர்கள் ஒதுக்கி அனுப்புகிறார்கள். அந்தச் சுயநலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கண்ணாடிக்கு அப்பால் ஸொம்பியாகிவிட்ட தன் சகோதரியைக் கண்டு கதவைத் திறந்துவிடுகிறாள். உயிர்தப்பும் கணக்கில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. ஆனாலும் நான் நம்பினேன்.

ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' (1968) இன்னும் ஒருபடி மேலே போகிறது. நிலவறையே பாதுகாப்பு என்ற குணங்கெட்ட மனிதனோடு நாயகன் பென் படம் முழுக்க மல்லுக்கட்டுகிறான். கடைசியில் அவனும் அந்த நிலவறைக்குள் இருந்துதான் இரவைக் கடக்கிறான். விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்கள், யாரென்று பாராமல் அவனைச் சுடுகிறார்கள். பென்னாக நடித்தவர் கறுப்பினத்தவர். ஏன் பார்க்காமல் சுட்டார்கள் என்பதை ஓட்டைப் பட்டியலில் சேர்த்தால் படமே கைநழுவிவிடும்.

மாணவனுக்கு நான் சொன்ன பதில்: நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் பிராணி வருவதும் அவர்களுக்குக் கேட்காதே. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணியைப் பற்றிக் கேட்டேன்.

"அது சும்மா படத்துக்கு வெச்சது, சேர்."