கை தேடும் இடம்: ஸ்கூபா அணிமுறையின் மூன்று பாணிகள்

நீருக்கடியில் காற்று தீர்ந்துபோனவருக்கு, மாற்று மவுத்பீஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. எந்தக் கருவியை உடலில் எங்கே அணிவது என்ற கேள்வி ஸ்கூபா முக்குளிப்பில் ஒரு மரபாகவே வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு கருவியும் இருக்கும் இடம், அணிந்தவரின் கைக்கு மட்டுமல்லாமல் உடன் வருபவரின் கைக்கும் சேர்த்தே தீர்மானிக்கப்பட்டது.

1943இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய அக்வாலங் எளிமையானது. முதுகில் சிலிண்டர், அங்கிருந்து தலையின் இருபுறமும் வளைந்து வாய்க்கு வரும் இரண்டு குழாய்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பை கிடையாது. இரண்டாவது மவுத்பீஸும் கிடையாது. தோழருக்குக் காற்று தீர்ந்தால் ஒரே மவுத்பீஸை மாறி மாறி வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கருவிகள் பெருகப் பெருக, இடம் பற்றிய விவாதமும் பெருகியது.

முதலாவது, பொழுதுபோக்கு முக்குளிப்பின் பாணி. பிரிட்டனில் 1953இல் பிறந்த பிஎஸ்ஏசி, அமெரிக்காவில் 1966இல் பிறந்த பாடி போன்ற பயிற்சி அமைப்புகள் இதை உலகெங்கும் பரப்பின. வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரின் குழாய் வலத்தோள் மேலாக வரும். காற்றடைக்கும் ஜாக்கெட்டின் பொத்தான் குழாய் இடத்தோள் மேலாக இறங்கும். அழுத்தமானி இடப்பக்கம் இருக்கும். ஆக்டோபஸ் எனப்படும் மாற்று மவுத்பீஸ், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மோவாய்க்கும் விலாவின் கீழ்முனைகளுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் பொருத்தப்படும். படகில் அன்றுதான் அறிமுகமான இருவர்கூட ஒருவர் உடலில் மற்றவர் கருவியைக் கண்டுகொள்ளலாம் என்பது இதன் பெரும் வலிமை. ஆனால் சரியாகப் பொருத்தாத ஆக்டோபஸ் தொங்கி, மணலை அள்ளும். மேலும், பதற்றத்தில் இருப்பவர் பலவேளை மஞ்சளைத் தேடாமல், எதிரே இருப்பவர் வாயில் வேலை செய்துகொண்டிருப்பதையே பறிப்பார்.

இரண்டாவது பாணி ஃப்ளோரிடாவின் நீர்க்குகைகளில் உருவானது. தலைக்கு மேல் பாறை இருப்பதால் அங்கே நேராக மேலேற முடியாது. விபத்துகளை ஆராய்ந்து பாதுகாப்பு விதிகளை வகுத்த ஷெக் எக்ஸ்லியின் நூல் 1979இல் வந்தது. குகை முக்குளிப்பாளர் வில்லியம் ஹோகார்த் மெயினின் பெயரால் அறியப்படும் அணிமுறை, தேவையற்ற எல்லாவற்றையும் களைந்தது. முதுகில் உலோகத்தகடு, ஒரே துண்டுப் பட்டை, தகட்டுக்குப் பின்னே மிதவைப்பை. வாயில் இருப்பது ஏழடி நீளக் குழாயின் ரெகுலேட்டர். அது இரட்டைச் சிலிண்டரின் வலது வால்விலிருந்து இடுப்புவரை இறங்கி, மார்பின் குறுக்கே ஏறி, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். மாற்று ரெகுலேட்டர் மோவாய்க்குக் கீழே ரப்பர் கயிற்றில் இருக்கும். தோழருக்கு வாயிலிருப்பதையே கொடுப்பார்கள். பறிக்க வருபவர் தேடுவதும் அதைத்தானே. ஒருவர் பின் ஒருவராய் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கில் வெளியேற அந்த நீளம் உதவுகிறது. வலது வால்வைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: கூரையில் உரசி முன்னேறும்போது இடது குமிழ் மூடும் திசையில் உருளும், வலது குமிழ் திறக்கும் திசையில் உருளும். ஃப்ளோரிடாவின் வக்குல்லா குகைகளை ஆராய்ந்த குழுவினர் இந்த அணிமுறையைக் குழு முழுவதற்குமான ஒரே முறையாக வலியுறுத்தினர். அவர்களில் ஒருவரான ஜாரட் ஜப்லோன்ஸ்கி 1998இல் ஜியுஇ பயிற்சி அமைப்பைத் தொடங்கினார்.

மூன்றாவது, சிலிண்டர்களை அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் அணியும் சைடுமவுண்ட். பிரிட்டனின் நீர் நிறைந்த குறுகிய குகைகளில் முளைத்து, ஃப்ளோரிடாவிலும் மெக்ஸிகோவின் செனோட்டெ குகைகளிலும் செழித்தது. வால்வுகள் கண்ணெதிரே இருப்பதால் கசிவை உடனே கண்டு மூடலாம். ஆனால் இரு சிலிண்டரும் தனித்தனி. ஒன்று தீர்ந்துவிடாமல் ரெகுலேட்டரை அவ்வப்போது மாற்றிச் சுவாசித்து, அளவைச் சமன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றும் ஒப்புக்கொள்ளும் அளவுகோல்கள் உண்டு. எதுவும் தொங்கக்கூடாது. பார்க்காமலே கை எட்ட வேண்டும். ஆனால், மூழ்குவதற்காக அணியும் எடையை ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும் என்பதை முதல் பாணி வலியுறுத்தும். மேலேற வழியில்லாத குகையில் அதற்கு இடம் குறைவு. எந்தப் பாணி சிறந்தது என்ற சண்டையைவிட முக்கியமானது, இரண்டு பாணிக்காரர்கள் ஒன்றாக இறங்கும் நாள். நீளக் குழாய்க்காரர் வாயிலிருப்பதைக் கொடுப்பார். ஜாக்கெட்காரர் மஞ்சளைக் கொடுப்பார். இறங்குவதற்கு முன், படகிலேயே ஒருவருக்கொருவர் காற்றைக் கொடுத்தும் வாங்கியும் பழகிக்கொள்ளாதவரை, எவ்வளவு நேர்த்தியாக அணிந்திருந்தாலும் அந்த அணிமுறை முழுமையடையாது.