எட்டு எலக்ட்ரான் விதியும் உப்புக்கல்லும்

உயர்நிலைப் பள்ளிகளில் வேதிப்பிணைப்பைப் போதிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. ஆசிரியர் கரும்பலகையில் சோடியம் அணுவை வட்டம் வட்டமாக வரைந்து, அதன் வெளிக்கூட்டில் தனித்து நிற்கும் எலக்ட்ரானிலிருந்து பக்கத்திலுள்ள குளோரின் அணுவுக்கு ஓர் அம்புக்குறி இழுத்து, இரண்டும் மந்த வாயுக்களைப் போல எட்டு எலக்ட்ரான்களைப் பெற்று ஸ்திரநிலை அடைந்தன என்று பாடத்தை முடிக்கிறார். மாணாக்கரும் அவ்வாறே எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். பதார்த்தங்களின் குணங்களுக்குக் காரணம் காட்ட வல்ல பாடம் பள்ளி இரசாயனத்தில் இதைப்போல் வேறொன்றில்லை. ஆதலால் இம்முறையின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1916-இல் ஜெர்மனியில் வால்தர் கோசலும் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸும் தனித்தனியே இக்கருத்தை வெளியிடுவதற்கு முன்பு, இணைதிறன் என்பது காரணம் அறியாமல் நெட்டுருப் போடவேண்டிய எண்களின் அட்டவணையாகவே மாணாக்கர் முன் நின்றது. எட்டு எலக்ட்ரான் விதியைக் கற்ற பிள்ளையோ தண்ணீருக்கும் அம்மோனியாவுக்கும் மீத்தேனுக்கும் உரிய வாய்பாடுகளைத் தானே வருவித்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடமே இல்லாத கிராமத்துப் பள்ளியிலும் ஒரு சாக்பீஸைக் கொண்டே நடத்திவிடக்கூடிய இத்தனை சிக்கனமான உபாயத்தை இகழ்வது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால், எலக்ட்ரான்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக வந்த இந்த உபாயம், பிணைப்பு ஏன் உண்டாகிறது என்பதற்கே காரணமாக உயர்த்தப்படும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. சோடியம் அணு தன் எலக்ட்ரானை விரும்பிக் கொடுத்துவிடுவதாகப் பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில், வாயுநிலைச் சோடியத்திலிருந்து ஒரு மோல் எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பி வருவதோ 349 கிலோஜூல்தான். அம்புக்குறியோடு கதை முடிந்துவிடுமானால் அது நஷ்டக் கணக்கு. அந்த நஷ்டத்தை ஈடுசெய்து மேலும் லாபம் தருவது, எதிரெதிர் மின்னேற்றமுடைய அயனிகள் படிகமாக அணிவகுக்கும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல் ஆற்றலே. ஆகவே, சாதாரண உப்பின் ஸ்திரத்தன்மைக்கு மூலகாரணம் கரும்பலகையில் வரையப்படாத அந்தப் படிகத்தில் இருக்கிறது.

1913-இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்களும், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்களும் சூழ்ந்திருப்பதும், அங்கே தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும் தெரியவந்தன. இரசாயன போதனையில் பெரும் சீர்திருத்தவாதியான ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கே 1927-இல் இதை ஏற்க மாட்டாமல் ‘நேச்சர்’ இதழில் சினந்து எழுதினார் எனில், ஒன்றுக்கு ஒன்று என்ற சித்திரத்தையே கண்டு பழகிய பதினான்கு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் வியப்பென்ன?

இத்தனைக்கும் சாட்சி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கல்லுப்பில் தெளிவான ஒரு பரலைத் தேர்ந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் செங்கோணமாகச் சந்திக்கும் தட்டையான முகங்கள் தென்படும். அதைச் சிறு சுத்தியலால் தட்டினால், நசுங்காமல், அதே செங்கோண முகங்களையுடைய துண்டுகளாகவே பிளந்து விழும். ஓர் அடுக்கு சற்றே நகர்ந்த மாத்திரத்தில் ஒத்த மின்னேற்றங்கள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று விலக்குவதே அதற்குக் காரணம். செம்புக் கம்பியைத் தட்டினால் அது உடையாமல் தட்டையாவது, அதன் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாகாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக உலவுவதால். இரண்டு தட்டலில் பிரத்தியட்சமாக விளங்கும் இந்த வேறுபாட்டைப் பற்றி எட்டு எலக்ட்ரான் விதி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு. கார்பன் டைஆக்சைடிலும் மணலிலுள்ள சிலிக்காவிலும் எல்லா அணுக்களுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் குறைவின்றி அமைகின்றன. விதியின் பார்வையில் இரண்டும் சமம். முன்னதோ நாம் வெளிவிடும் மூச்சில் கலந்த வாயு, பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரி வரை குளிர்வித்தால்தான் திடமாகும். பின்னது உருக ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். ஒன்றில் சிறுசிறு மூலக்கூறுகள் தனித்தனியே நிற்க, மற்றதில் பிணைப்புகள் முடிவின்றித் தொடர்ந்து ஒரே வலையாக விரிகின்றன. குணத்தைத் தீர்மானிப்பது எண்ணிக்கையன்று, அமைப்பே.

போரான் டிரைபுளூரைடு, நைட்ரிக் ஆக்சைடு முதலிய விதிவிலக்குகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. விலக்கில்லாத விதி இரசாயனத்தில் அரிது. அவற்றைவிடக் கவனிக்கத்தக்கது, 1923-இல் வெளியிட்ட நூலில் லூயிஸே எட்டைவிட இரண்டு எலக்ட்ரான்களின் ஜோடியே அடிப்படையானது என்று கொண்டமை. ஆசான் தாமே தளர்த்திப் பிடித்ததை நாம் இறுக்கிப் பிடித்திருக்கிறோம். மந்த வாயு எதனோடும் சேராது என்ற நம்பிக்கையும், 1962-இல் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றை உண்டாக்கியபோதே தகர்ந்துவிட்டது.

விதியை விலக்கிவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. வாய்பாடு எழுதும் அளவோடு அது நிற்கட்டும். பாடத்தின் தொடக்கத்திலேயே உப்பையும் மெழுகையும் மணலையும் செம்பையும் மாணாக்கர் கையில் கொடுத்து, எது எளிதில் உருகுகிறது, எது உடைகிறது, எது மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்க்கவிட்டு, அதன்பின் அமைப்பையும், அமைப்பிலிருந்து பிணைப்பையும் நோக்கி நடத்திச் செல்வதே தக்க வரிசை. வினாத்தாளும் இதற்கேற்ப மாறியாக வேண்டும்: அம்புக்குறிப் படத்துக்கே மதிப்பெண் உள்ளவரையில், உப்பு ஏன் உடைகிறது, செம்பு ஏன் வளைகிறது என்று விளக்குவதற்கு எந்த ஆசிரியருக்கும் பாடவேளை மிஞ்சப்போவதில்லை.