மூன்றாம் சுற்றில் வீடு திரும்புவது

சார்புகளைச் சேர்ப்பதில் எத்தனையோ சாதுரியங்கள் உண்டென்றாலும், நாற்பது வருஷமாக நான் அலுக்காமல் போட்டுப் பார்த்து வருவது ஒரே ஜோடியைத்தான்: ஒன்றிலிருந்து கழிப்பது, தலைகீழாக்குவது. தனித்தனியே இரண்டும் பரம சாது. இரு முறை செய்தால் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் கழித்துத் தலைகீழாக்குவதை ஒரே செய்கையாகக் கொண்டு 2-இல் தொடங்கினால் -1 வருகிறது; அதிலிருந்து 1/2; அதிலிருந்து மறுபடியும் 2. வரிசையை மாற்றினாலோ அதே மூன்று எண்களும் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. வரிசை மாறினால் விடை மாறும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, மாறுவதிலும் இப்படியோர் ஒழுங்கு இருப்பதை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

இதைவிடவும் எனக்கு உயிரானது, கழித்துத் தலைகீழாக்கி மறுபடி கழித்தாலும், தலைகீழாக்கிக் கழித்து மறுபடி தலைகீழாக்கினாலும், 3 என்பது 3/2 ஆகவே வந்து நிற்பது. இவ்விரண்டை எவ்வளவு நீளமாகக் கோத்தாலும், சும்மா இருப்பதையும் சேர்த்து, ஆறு சார்புகளுக்குமேல் தேறாது. ஒரு கோட்டின் நான்கு புள்ளிகளை 24 விதமாக வரிசைப்படுத்தினாலும் அவற்றின் குறுக்கு விகிதம் பொதுவாக ஆறு மதிப்புகளே பெறுகிறதல்லவா, அங்கே ஒரு மதிப்பிலிருந்து மற்றதற்குக் கூட்டிச் செல்பவையும் இவையேதாம். (0, 1 இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.)

தன்னையே தனக்குள் இட்டால் மறைந்துபோகும் சார்புகள் எவை என்று 1815-இல் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் விசாரித்த சார்லஸ் பாபேஜை, உலகம் கணக்கு யந்திரத்துக்காக மட்டுமே ஞாபகம் வைத்திருப்பது எனக்குச் சிறு மனத்தாங்கல். யந்திரம் பெரிதுதான், அந்தக் கேள்வியின் சௌந்தரியம் வேறு.

வர்க்கத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டி, அதைத் தனக்குள்ளேயே முடிவின்றிச் செலுத்துவதில் லயிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இப்படித் திரும்பத் திரும்பச் செலுத்துவதைப் பற்றி 1918-இல் பிரெஞ்சுக் கணிதர் ஜூலியா எழுதிய மகத்தான கட்டுரையை நானும் வணங்குகிறேன். எனினும், எங்கே போய் முடியுமென்று தெரியாத அந்த ஆரவாரத்தைக் காட்டிலும், மூன்றே அடியில் வீடு திரும்புகிற அடக்கம் என் மனத்துக்கு உகந்தது.

இப்போது பரீட்சைத் தாள்களில் ஒன்றை மற்றொன்றில் பிரதியிட்டுச் சுருக்குவதோடு சேர்ப்பின் கதை முடிந்துவிடுகிறது. சுருக்கிய விடை சரியென்றால் மதிப்பெண். அது எங்கே சுற்றுகிறதென்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பழைய வாத்தியார் சாக்குக்கட்டியே எடுக்கமாட்டார். முதல் பெஞ்சுக்காரன் ஓர் எண் சொல்ல, அடுத்தவன் கழிக்க, அதற்கடுத்தவன் தலைகீழாக்க, ஆறு கை மாறி அந்த எண் கடைசிப் பையனிடம் வந்து சேரும்போது, முதல் பெஞ்சுக்காரன் கடைசிப் பையனைத் திரும்பிப் பார்ப்பான். வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.