பாலாற்றங்கரை நாவல்களும் எண்ணிப் படிக்கும் கணினியும்

மு. வரதராசன் 1912இல் திருப்பத்தூரில் பிறந்தவர். வாலாஜாவை அடுத்த வேலம் அவருடைய குடும்பத்தின் ஊர். அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். ஒருவருக்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'அகல் விளக்கு' வாலாஜாபேட்டையில் தொடங்குகிறது. மற்றவருடைய 'தகப்பன் கொடி' நிலத்தைப் பறிகொடுத்த தலித் மக்களின் கதை. இருவருக்கும் ஒரே ஆறு, ஏறக்குறைய ஒரே வெயில். இந்த இரண்டு நாவல்களையும் கணினியில் ஏற்றி, சொற்கள் வரும் அளவை வைத்து ஒப்பிடச் சொன்னால், அது இவர்களை எதிரெதிர் மூலைகளில் நிறுத்தும் என்றே நினைக்கிறேன். மு.வ.வின் பாத்திரங்கள் வீட்டுத் திண்ணையிலும் எழுத்துத் தமிழே பேசுவார்கள். அதனால் அவர் அகிலனுக்கும் நா. பார்த்தசாரதிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அந்த முடிவு பிழையல்ல. நடையை அளக்கச் சொன்னோம், நடையை அளந்தது. ஆனால் வடஆர்க்காட்டு இலக்கியத்தைப் பற்றி எழுத வருகிறவர் அந்த ஒரு படத்தை நம்பினால், ஒரே மண்ணின் இரண்டு வாழ்க்கைகளை வேறு வேறு ஊர்க்காரர்களுடையவை என்று நினைத்துவிடுவார். நுணுகிப் படிப்பதும் எண்ணிப் படிப்பதும் தமிழில் எங்கெங்கே உதவியிருக்கின்றன, தோல் தொழிலை நம்பி வாழும் இந்தப் பகுதியின் எழுத்துக்கு அவை என்ன செய்ய முடியும் என்பதே இங்கே கேள்வி.

நுணுகிப் படிப்பதில் நமக்கு உரையாசிரியர்களின் நீண்ட மரபு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் அலசல் விமர்சனத்தை ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டியது. இந்த மரபைக் கொண்டாடும்போது அதன் குறையையும் சொல்ல வேண்டும். முல்லைப்பாட்டிலும் பட்டினப்பாலையிலும் நச்சினார்க்கினியர் சொற்களை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரைகளில் கடுமையாக மறுத்தார். தமிழின் மிகப் பெரிய வாசகர்களில் ஒருவர்கூடத் தாம் விரும்பிய பொருளைப் பாட்டின் மீது ஏற்றிவிட முடியும். மனித வாசிப்பு தானாகவே நம்பகமானது என்று பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எண்ணிப் படிப்பதும் நமக்குப் புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைக் கையாலேயே தொகுத்துச் சேர்த்தார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி தமிழ் உரைநடையின் எழுத்துப் பரவலைத் தகவல் கோட்பாட்டின்படி அளந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். ஐராவதம் மகாதேவன் கணினியின் துணையோடு உருவாக்கிய சிந்துவெளி எழுத்துத் தொடரடைவு 1977இல் வந்தது. தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு தந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் கற்பித்த ப. பாண்டியராஜாவின் தொடரடைவு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு சொல் எட்டுத்தொகையில் எங்கெல்லாம் வருகிறது என்று அறிய முன்பு ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று பள்ளி மாணவியும் நொடியில் பார்த்துவிடலாம். சங்கப் பாட்டு 2381தான். பதிப்பும் சொற்பிரிப்பும் பல தலைமுறை அறிஞர்கள் சரிபார்த்தவை. எண்ணுவதற்கு இதைவிடத் தகுந்த நிலம் கிடையாது.

உரைநடைக்கு வரும்போது நிலைமை சிக்கலாகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'இந்தியா' இதழ். 1906இல் சென்னையில் தொடங்கிய அந்த வார இதழில் பாரதி எழுதியவை பலவும் பெயரில்லாமலே வந்தன. எது அவர் எழுதியது என்று முடிவு செய்ய ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் வாழ்நாளையே கொடுத்தார்கள். புள்ளியியலாளர்களான பகவன்தாஸும் மணிமன்னனும் வேறு வழியில் போனார்கள். பாரதி, ஜி. சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. ஆகிய மூவரின் உறுதியான கட்டுரைகளிலிருந்து நடைக்கூறுகளை எண்ணி, பெயரில்லாக் கட்டுரைகளை அவற்றோடு ஒப்பிட்டார்கள். எழுதுகிறவர் கவனிக்காமலே கைபோன போக்கில் வரும் சிறு சொற்களும் விகுதிகளும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது இந்த முறையின் அடிப்படை. அமெரிக்காவில் மாஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் எழுதியவர் யார் என்று சர்ச்சைக்குள்ளான ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுக்குச் செய்தது இதுதான்.

மதிக்கத்தக்க முயற்சி, பாரதி ஆய்வில் இதற்குக் கிடைத்த கவனம் போதாது என்பேன். ஆனால் இரண்டு இடங்களில் எனக்குத் தயக்கம் உண்டு. மூன்று பேரை மட்டும் நிறுத்தினால் நான்காமவர் எழுதியதும் அந்த மூவரில் ஒருவர் கணக்கில்தான் விழும். அடுத்தது, பத்திரிகை ஆசிரியர் பிறர் கட்டுரையைத் திருத்துவார். திருத்திய கை தன் சிறு சொற்களை அங்கே விட்டுவிட்டுப் போகும். அப்போது கணினி கண்டுபிடிப்பது எழுதியவரையா, திருத்தியவரையா? அன்றைய அலுவலகத்தில் யார் இருந்தார்கள், எந்த வாரம் யார் ஊரில் இல்லை என்று தெரிந்த வரலாற்றாசிரியர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

உலக அளவில் ஃபிராங்கோ மொரெட்டி நூல்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் மொத்தமாகப் பார்க்கும் தொலைவாசிப்பு என்ற கருத்தை 2000இல் முன்வைத்ததும், இத்தகைய ஆய்வுகளின் கணக்கு முறையையே நான் டா (Nan Z. Da) என்ற ஆய்வாளர் 2019இல் கேள்விக்கு உள்ளாக்கியதும் பலமுறை பேசப்பட்டுவிட்டன. நம் ஊர்ச் சிக்கல் அதற்கும் முந்தியது.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கதையில் ஒருவன் 'ஆத்தாண்ட' போனான் என்று வருகிறது. ஆற்றின் அருகே என்று இங்கே பிறந்தவருக்கு விளக்க வேண்டாம். எழுத்துத் தமிழில் பழகிய நிரலுக்கு அது ஆறும் அல்ல, அண்டையும் அல்ல. ஆத்தாவாகத் தெரிந்தாலும் தெரியலாம். நேராக 'ஆறு' என்று இருந்தாலோ, அது நதியா, எண்ணா, ஆறிப்போவதா என்று தெரியாமல் நிற்கும். இப்படிப் பாலாறு பாதிக் கதைகளில் கணக்கிலேயே வராமல் போய்விடும். ஒரு பெண் 'கம்பெனிக்குப் போறா' என்று வந்தால், ஆம்பூர் வாசகருக்கு ஷூ கம்பெனியும் தையல் மிஷினும் ஷிப்டும் உடனே கண்முன் வரும். கணினியோ அதை அலுவலகச் சொல்லாக எண்ணி வைத்துக்கொள்ளும். ஆம்பூர், வாணியம்பாடித் தமிழில் கலந்த உருதுச் சொற்களின் நிலையும் இதுவே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, ணை போன்றவற்றின் பழைய வடிவங்கள் படம்பிடித்துப் படிக்கும் மென்பொருளை இன்னும் தடுமாற வைக்கின்றன.

இதனால் கணினியை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மனித வாசகர் தவறவிடும் ஒன்றை அது நன்றாகக் காட்டும்: இல்லாததை. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட தொழில் தோல். அதன் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இந்த மண்ணிலிருந்து எழுதியவர்களின் நாவல்களில் அந்தத் தொழில் எத்தனை பக்கங்களில் வருகிறது, யார் வாயிலிருந்து வருகிறது, எந்த ஆண்டுகளுக்குப் பிறகு தண்ணீரைப் பற்றிய பேச்சு மாறுகிறது? இருப்பதை ரசிக்கும் கண்ணுக்கு விடுபட்டது எளிதில் தெரியாது. டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதி, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவல் திண்டுக்கல்லின் கதை. அதையும் இந்தப் பகுதி நாவல்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தால் தொழிலின் சொல் எது, ஊரின் சொல் எது என்று பிரித்துக் காட்ட முடியும்.

ஆனால் எதைத் தேடுவது? 'தோல்' என்று தேடினால் 'தோல்வி' எல்லாம் வந்து குவியும். டேனரி, தோல் மண்டி, சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று தேட வேண்டிய பட்டியலை, அந்தக் குழியருகே நின்று வேலை செய்தவரோ அவர் கதையை வரி வரியாகப் படித்தவரோதான் எழுதித் தர முடியும். அந்த வகையில் நுணுகிய வாசிப்பே முதல் வேலை. எண்ணிக்கை அதற்குப் பிறகு வருவது. வந்த பிறகு அது நம் வாசிப்பைத் திருத்தவும் செய்யும்.

வேலூரில் விஐடி இருக்கிறது, ஊரீசுக் கல்லூரி இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாணியம்பாடியில் 1919 முதல் இஸ்லாமியாக் கல்லூரி இருக்கிறது. இந்த நிறுவனங்களின் தமிழ், உருது, கணினித் துறைகள் சேர்ந்து, எழுத்தாளர்களின் இசைவோடு, இந்தப் பகுதிக் கதைகளையும் நாவல்களையும் கையால் சரிபார்த்த மின்தொகுப்பாக ஆக்க வேண்டும். வட்டாரச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதும் மேசையில், டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களையும் ஷூ கம்பெனிப் பெண்களையும் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அந்தச் சொற்களை நன்றாக அறிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.